பதினைந்து மாடிக் கட்டடம்

உதிர்ந்து கிடந்த பூவிதழ்களைத் தங்கை குப்பைத்தட்டில் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தபோது, தலைக்கு மேலே மின்விசிறி வேகம் இழந்தது. மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்து, பிறகு நின்றுவிட்டன. கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். கட்டிலில் கிடந்த அண்ணன் மட்டும் பார்க்கவில்லை. முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். எந்த வீட்டில் கரண்ட் போனாலும் முதலில் எழுந்திருக்கிறவன் அவன்தான்.

வாசல் கேட்டில் ஒரு வாரமாக ஒட்டியிருந்த அறிவிப்பு அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. சனிக்கிழமை, பராமரிப்பு வேலை, பன்னிரண்டிலிருந்து ஐந்து மணி வரை மின்சாரம் இருக்காது. வியாழக்கிழமை ஓடி வந்தபோது அந்தத் தாளின் முனை அவள் கையில் உரசியதுகூட ஞாபகம் இருந்தது. இழவு விழுந்த வீட்டில் அதையெல்லாம் யார் படிப்பார்கள்.

அடுத்த நிமிடம் வீட்டின் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. நான்கு பீப். கொஞ்சம் இடைவெளி. மறுபடி நான்கு பீப்.

"யாரோட ஃபோனுப்பா அது, அணைச்சு வைங்க" என்றார் சித்தப்பா. காலையில் ஆஸ்பத்திரிப் பிணவறையிலிருந்து அண்ணனைக் கொண்டுவந்ததிலிருந்தே அவர்தான் அந்த வீட்டின் கடிகாரம். பன்னிரண்டரைக்கு வண்டி வரும், ஒரு மணிக்குள் கிளம்பியாக வேண்டும் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி, சொன்னவர்களிடமே மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார்கள். ஒருவர் ஃபிரிட்ஜாக இருக்கும் என்றார். தங்கை குப்பைத்தட்டைச் சுவரோரமாக வைத்துவிட்டு அண்ணனின் அறைக்குள் போனாள்.

அந்த அறைக்குள் அவள் கால் வைத்து ஆறு வருஷம் ஆகிறது. இத்தனைக்கும் மாதம் இரண்டு முறையாவது இந்த வீட்டுக்கு வந்துபோகிறவள்தான். கூடத்தில் உட்காருவாள், சமையலறையில் நின்று அண்ணியோடு பேசுவாள், இந்தக் கதவு பக்கம் மட்டும் போகமாட்டாள்.

ஜன்னலோரத்து மேஜை மேல் அந்தச் சீக்வென்சர் இருந்தது, அமுக்கி வைத்த சத்தங்களைச் சுற்றிச் சுற்றி வாசிக்கிற மின்னணு வாத்தியம். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. முன்பக்கம் ஒரே வரிசையில் பதினாறு பொத்தான்கள். ஒரு சிவப்பு வெளிச்சம் முதல் பொத்தானிலிருந்து கடைசிப் பொத்தான்வரை ஓடி, மறுபடி முதலுக்குத் தாவி, மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. அவள் சற்று நேரம் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. வியாழக்கிழமை காலையில் அண்ணன் ஓடவிட்டது. இரண்டு நாளாக யாரும் நிறுத்தவில்லை. அதற்கென்று ஒலிபெருக்கி கிடையாது, ஹெட்ஃபோனில்தான் கேட்க வேண்டும். அதனால் வீட்டில் இத்தனை கூட்டத்துக்கு நடுவில் ஒருவர் காதிலும் விழாமல் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்திருக்கிறது.

பீப் சத்தம் மேஜைக்கு அடியிலிருந்த யுபிஎஸ் பெட்டியிலிருந்து வந்தது. ஏதோ ஒரு கட்டடத்து லிஃப்ட் அறையில் கழித்துப் போட்டதை அண்ணன் கொண்டுவந்து தேற்றியிருந்தான். அதன் முகத்தில் மூன்று பச்சை விளக்குகள். அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று அணைந்தது.

சீக்வென்சரின் நெற்றியில் ஒரு வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. அண்ணனின் கையெழுத்து. 'பிளக்கைப் பிடுங்காதே. உள்ளே பேட்டரி செத்துப்போச்சு. கரண்ட் நின்னா எல்லாம் மறந்துடும்.'

இந்த மாதிரி பழைய இயந்திரங்களுக்குள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் சேர்த்து வைத்ததை மறக்காமல் இருப்பது அதனால்தான். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அதற்கு ஆயுள் முடியும். புதியது மாற்றலாம், ஆனால் பெட்டியைத் திறந்து ஈயத்தால் பற்றவைக்க வேண்டும், அதற்குப் பிளக்கைப் பிடுங்க வேண்டும், பிடுங்கினால் நினைவு போய்விடும். "ஆபரேஷன் பண்ணலாம், பிழைச்சுக்கும். ஆனா எழுந்ததும் யாரையும் அடையாளம் தெரியாது" என்று அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னதாக அண்ணி ஒரு முறை சொல்லியிருக்கிறாள். பின்பக்கத்தில் ஒலி வெளியே எடுக்க ஒயர் செருகும் துளைகள் இரண்டும் பழுதாகி, ஹெட்ஃபோன் துளை ஒன்று மட்டும் மிஞ்சியபோதும் அதே காரணத்துக்காக அவன் கைவைக்கவில்லை. ஊரார் லிஃப்டையெல்லாம் சரிசெய்தவன், தன் மேஜை மேலிருந்ததை அப்படியே விட்டு, நோயாளிக்குப் பிராணவாயு கொடுப்பதுபோல யுபிஎஸ் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

இப்போது இரண்டு பச்சை விளக்குகள் மிச்சம். பெட்டி பழசு. மொத்தமே இருபது நிமிடம் தாங்கினால் அதிகம்.

யாரையாவது கூப்பிட்டிருக்க வேண்டும். அவள் கூப்பிடவில்லை. ஹெட்ஃபோனை எடுத்தாள்.

*

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு லாண்டரியின் மாடி அறையில் நாலு பேர் சேர்ந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக், மருந்துக்கடைக்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒரு பெண், மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் தங்கை. நாலு பேருக்கும் ஒரு வாத்தியமும் தெரியாது. நாற்பதைத் தாண்டிய பிறகு விரல் வளையாது, குரல் வராது, ஆனால் பொத்தான் அமுக்கத் தெரியுமே என்று அண்ணன்தான் ஆள் பிடித்தான். முதல் வாரமே பட்டப்பெயர்கள் வந்துவிட்டன. லிஃப்டு, மாத்திரை, வேன், கண்ணாடி. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நாலு நாற்காலியை ஒரு மேஜையைச் சுற்றிப் போடுவார்கள். சீக்வென்சரை அண்ணன் வாராவாரம் வீட்டிலிருந்து தூக்கி வருவான், பேட்டரி செத்த பிறகு யுபிஎஸ்ஸோடு சேர்த்து. கீழே இஸ்திரி போடும் நீராவி தரைப்பலகை இடுக்கு வழியாக ஏறி வரும். சூடான துணி வாசனை அவள் மூக்கில் இன்னும் இருக்கிறது.

இயந்திரத்தோடு வந்த புத்தகம் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதை ஒரு ஆள் படித்து மற்றவர்களுக்குச் சொல்வது நடக்கிற காரியமில்லை என்று, அண்ணன் பிளேடால் நாலாக வகுந்துவிட்டான். ஆளுக்கு இருபத்தெட்டுப் பக்கம். அவரவர் பக்கத்தை அவரவர் படித்து வந்து மற்ற மூவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். சத்தங்களை உண்டாக்குவது மாத்திரைக்கு. வேகம், தாளம் வேனுக்கு. பழுது, பராமரிப்பு அண்ணனுக்கு. நீளமும் சேமிப்பும் தங்கைக்கு. அடுத்தவர் பக்கத்தைத் திருட்டுத்தனமாகப் படிக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் ஒருவர் வராத சனிக்கிழமை அந்த வேலை நடக்காது. மாத்திரை வராத ஒரு மதியம் முக்கால் மணி நேரம் சத்தமே வரவில்லை. விளக்கு ஓடுவதைப் பார்த்து மூவரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். "எனக்குப் பிடிச்சிருக்கு, அமைதியா இருக்கு" என்றாள் வேன். கடைசியில் பார்த்தால் வால்யூம் பூஜ்யத்தில் இருந்தது.

பதினாறு பொத்தான்களும் எதற்கு என்று தங்கைக்குப் பிடிபடாமல் இருந்தபோது அண்ணன்தான் தன் பாஷையில் சொன்னான். "பதினாறு மாடிக் கட்டடம்னு வெச்சுக்கோ. லிஃப்டு ஒண்ணாவது மாடியில கிளம்புது. நீ எந்தெந்த மாடியில பட்டன் அமுக்கி வெச்சிருக்கியோ அங்க மட்டும் கதவு திறக்கும். கதவு திறக்கிறதுதான் சத்தம். பதினாறு வந்ததும் இறங்காது, நேரா ஒண்ணுக்கே வந்துடும். அவ்வளவுதான் சங்கீதம்."

"நடுவுல மாட்டிக்கிட்டா?" என்று கேட்டாள் வேன்.

"அதுக்குத்தானே நான் இருக்கேன்."

மூன்று வருஷத்தில் அவர்கள் ஒன்றும் மேதைகளாகிவிடவில்லை. ஆனால் ஆறு வாரம் உட்கார்ந்து ஒரே ஒரு உருப்படியைச் செய்தார்கள். நாலு பேர் கையும் அதில் இருந்தது. கேட்டால் ஒரே ஆள் செய்ததுபோல இருக்கும். ஒரு சின்ன அரங்கில் நாற்பது பேர் முன்னால் வாசிப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் தங்கை மட்டும் லாண்டரி மாடிக்குப் போய், அண்ணன் முன்கூட்டியே கொண்டுவந்து வைத்திருந்த இயந்திரத்தில் விரல் பழக ஒரு புது வரிசை போட்டுப் பார்த்தாள். ஒன்று, நாலு, ஒன்பது, பதினைந்து. நாலே சத்தம். நீளத்தைப் பதினாறு என்று வைப்பதற்குப் பதில் பதினைந்து என்று வைத்துவிட்டாள். அது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி முன்னாலேயே திரும்பி, நொண்டிக்கொண்டு ஓடியது. சிரித்துக்கொண்டே, இருக்கட்டும் என்று சேமித்தாள். சேமித்து வைக்க அதில் பதினாறு எண்கள் உண்டு. அவள் சேமித்த இடம் ஒன்றாம் எண். அந்த எண்ணில்தான் ஆறு வார வேலை இருந்தது. அந்த இயந்திரம் கேள்வி கேட்காது. புதியதை வாங்கிக்கொண்டு பழையதை விட்டுவிடும். இதெல்லாம் அவளுடைய இருபத்தெட்டுப் பக்கத்தில் இருந்தது. முதல் வரியிலேயே இருந்தது.

யாரும் திட்டவில்லை. வேன் அவளுக்குக் காப்பி வாங்கி வந்து கொடுத்தாள். மாத்திரை, மருந்துச் சீட்டைத் தப்பாகப் படித்த தன் பழைய கதையைச் சொல்லித் தேற்றினார். அண்ணன் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அது பதினைந்து மாடிக் கட்டடமாப் போச்சு, அவ்வளவுதானே என்றான். வசவு கேட்டிருந்தால் அடுத்த சனிக்கிழமை போயிருப்பாள். கடையில் வேலை அதிகம் என்று சொல்லிவிட்டாள். அந்த வேலை ஆறு வருஷமாகக் குறையவில்லை.

*

ஹெட்ஃபோனில் முதலில் வந்தது ஒரு தடித்த அடி. நிதானமான, பதினாறு கட்டத்து அடி, கீழிருந்து உந்துவதுபோல. அதன் மேல் ஏழு கட்டத்துக்கு ஒரு முறை 'உஸ்' என்று ஒரு மூச்சு. இஸ்திரிப் பெட்டியின் நீராவி. மாத்திரை பாடுபட்டு உண்டாக்கிய சத்தமாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் கண்ணாடித் தம்ளரைக் கரண்டியால் தட்டினாற்போல நாலு மணிச்சத்தம். ஒன்று, நாலு, ஒன்பது, பதினைந்து.

அவள் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தாள். எண் ஒன்று. அதற்குள் மூன்று வரிசைகளில் இரண்டாவது, நீளம் பதினைந்து.

யாரும் அதை அழித்திருக்கவில்லை, நீளத்தைத் திருத்தவுமில்லை. அதை அப்படியே உட்காரவைத்து மற்றதையெல்லாம் அதைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அந்த நொண்டி இப்போது நொண்டியாகக் கேட்கவில்லை. பதினாறின் அடி ஒரு இடத்தில் விழ, பதினைந்தின் மணி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு படி நழுவி நழுவி, அடிக்கு முன்னால் வந்து, அடியோடு சேர்ந்து, அடியைத் தாண்டிப் போனது. ஒரே நாலு சத்தம்தான், ஆனால் இரண்டு முறை ஒரே மாதிரி கேட்கவில்லை. அவளுக்குக் கணக்கு தானாகவே ஓடியது, அது அவளுடைய பக்கம் ஆயிற்றே. பதினாறும் பதினைந்தும் ஏழும் மறுபடி ஒன்றாக முதல் படியில் காலை வைக்க ஆயிரத்து அறுநூற்று எண்பது கட்டம் ஓட வேண்டும். இந்த வேகத்துக்கு மூன்றரை நிமிடம். மூன்றும் ஒன்றாக வந்து விழும் அந்த ஒரு அடிக்காக அவள் காத்திருந்தாள். அது வந்தது. மறுபடியும் காத்திருந்தாள்.

தோளில் யாரோ தட்டினார்கள். மாத்திரை நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. தோளில் சனிக்கிழமைப் பை. பழக்கத்தில் எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

"எவ்வளவு நேரமா அடிக்குது, கண்ணாடி?"

அந்தப் பெயரில் அவளை யாரும் கூப்பிட்டு ஆறு வருஷம் ஆகிவிட்டது. அவள் பதில் சொல்வதற்குள் அவர் மேஜைக்கடியில் குனிந்தார். ஒரே ஒரு பச்சை விளக்கு இருந்தது, அதுவும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் அவள் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அவர் பையிலிருந்து கைக்கடக்கமான ரெக்கார்டரையும் கேபிளையும் எடுத்தார். துளை ஒன்றுதான். ஹெட்ஃபோனுக்கும் ரெக்கார்டருக்கும் பிரித்துக் கொடுக்கிற இரட்டைப் பிளக் லாண்டரி மாடியில் இருக்கிறது. ஹெட்ஃபோனைப் பிடுங்கிவிட்டுக் கேபிளைச் செருகினார். ரெக்கார்டரில் விநாடிகள் ஓட ஆரம்பித்தன.

"இன்னும் நாலு நிமிஷம் தாங்கும். ஒரு முழு சுத்து பிடிச்சிடலாம்" என்றார். அப்புறம் இயந்திரத்தைப் பார்த்தபடியே சொன்னார். "அந்தப் பதினைஞ்சை அழிச்சிட்டு ஒழுங்கா ஒண்ணு போடலாம்னு நான் எத்தனையோ தடவை சொன்னேன். 'அதுல ஒரு ஆள் உக்காந்திருக்கு, எழுப்பாதே'ன்னான் லிஃப்டு."

தங்கை ரெக்கார்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

வாசலில் நிழல் விழுந்தது. அண்ணி வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருஷம் நைட் டியூட்டி நர்ஸ். பீப் என்று எது கத்தினாலும் எழுந்து வந்துவிடுகிற உடம்பு. காலையில் அவள் தூங்குகிற நேரம்தான் அண்ணன் வேலைக்குப் போகுமுன் இந்த மேஜையில் உட்காருகிற நேரம். அதனால்தான் ஹெட்ஃபோன். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த அண்ணிக்கு ஒன்பது வருஷமாகக் கேட்டதெல்லாம் பொத்தான் அமுக்கும் டொக் டொக் மட்டும்தான். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராது என்று வேடிக்கையாகச் சொல்வாள். வியாழக்கிழமை டொக் டொக் நின்று வெகுநேரம் ஆகியிருந்ததால்தான் எழுந்து வந்து பார்த்தாள்.

"எவ்வளவு நேரம் தாங்கும்?" என்று அண்ணி கேட்டாள். வார்டில் டாக்டரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

மாத்திரை விஷயத்தைச் சொன்னார். இப்போது பதிவு செய்துவிட்டால் பிறகு எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம், கவலைப்பட வேண்டாம் என்றார்.

அண்ணி உள்ளே வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு அவர் தலையிலேர்ந்து இதைக் கழட்டிப் பக்கத்துல போட்டேன். போட்டுட்டு நெஞ்சை அமுக்கிட்டே இருந்தேன். அரை மணி நேரம். இது பாட்டுக்குத் தரையில கிடந்து கொசு மாதிரி என்னமோ சொல்லிக்கிட்டே இருந்துச்சு. குனிஞ்சு கேக்க முடியல." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவர் கை வெச்சு ஓடவிட்டது. இன்னும் நிக்கல. இது நிக்கறதுக்குள்ள, அவரு வாசல் தாண்டறதுக்குள்ள ஒரு தடவை கேக்கணும்மா. ரெக்கார்டு வேற."

கூடத்திலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. வண்டி வந்துவிட்டதாம்.

மாத்திரை தங்கையைப் பார்த்தார். அது அவருடைய ஒன்பது வருஷமும்தான். சேமித்து வைத்த பதினாறு எண்களிலும் அவர் விரல் இருக்கிறது. நாலு நிமிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அவர் கண் கெஞ்சியது. ரெக்கார்டரில் நாற்பது ஆகியிருந்தது.

தங்கை கேபிளைப் பிடுங்கினாள். நாற்பத்தொன்றில் அது நின்றது. ஹெட்ஃபோன் ஒயரின் முனையைத் துளையில் செருகினாள். நாற்காலியை இழுத்து அண்ணியை உட்காரவைத்தாள். இரண்டு நாளாகச் சீவாத தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு ஹெட்ஃபோனை மாட்டினாள்.

மாத்திரை ரெக்கார்டரை அண்ணியின் காதருகே கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். ஒரு பொட்டுச் சத்தமும் வெளியே கசியவில்லை. இத்தனை வருஷமும் அந்த ஹெட்ஃபோன் செய்துவந்த வேலையே அதுதான். அவர் ரெக்கார்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, ஓடுகிற சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தபடி நின்றார்.

அண்ணி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறவளின் முகம் அது. தங்கையால் எதையும் கேட்க முடியவில்லை. வெளிச்சத்தை வைத்து, இப்போது அடி, இப்போது மூச்சு, இப்போது மணி என்று ஊகித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அதையும் விட்டுவிட்டாள். சித்தப்பா கதவருகே வந்து வாயைத் திறந்தார். மாத்திரை உதட்டில் விரலை வைத்தார். சித்தப்பாவுக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். என்ன நடக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்திருக்காது.

"இது எங்க முடியுது?" என்றாள் அண்ணி.

காதை மூடியிருப்பவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாது. அது கூடம்வரை கேட்டது. அங்கே பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். வாசலில் வண்டிக் கதவைத் திறந்துகொண்டிருந்தவரும் கையை எடுத்துவிட்டார்.

தங்கை பதில் சொன்னால் அண்ணிக்குக் கேட்காது. அண்ணியின் எதிரே குந்தி உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டாள். முடிகிற இடத்தில் நிறுத்தாமல் இன்னொரு சுற்று போட்டாள். அண்ணி தலையசைத்தாள்.

மேஜைக்கடியில் பீப் சத்தம் இடைவெளி இல்லாமல் நீண்டது. பச்சை விளக்கு போயிற்று. பதினோராவது பொத்தானையோ பன்னிரண்டாவதையோ எட்டிக்கொண்டிருந்த சிவப்பு வெளிச்சம் அங்கேயே இல்லாமல் போயிற்று. சின்னத் திரை சாம்பலாயிற்று.

ஹெட்ஃபோனைக் கழற்ற மாத்திரை மெதுவாகக் கை நீட்டினார். அண்ணி அதைக் கழற்றவிடவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் கொண்டுபோய், காதுகளின் மேல் அதை இன்னும் கொஞ்சம் இறுக அழுத்திக்கொண்டாள்.